குகையும் கொட்டடியும்

அருணகிரிநாதர் கதையில் அக்காவுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. மற்றதையெல்லாம் திருவண்ணாமலையில் வளர்ந்த எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். தாசி வீடே கதியென்று கிடந்தவர், குடும்பச் சொத்தைக் கரைத்தவர், கையில் காசில்லாத ஒரு நாளில் தமக்கையிடம் வந்து நின்றார். அவள் பொறுக்கமாட்டாமல் சொன்ன ஒரு சொல் நெஞ்சில் தைத்தது. வல்லாள மகாராஜன் கோபுரத்தின் மேலேறிக் குதித்தார். முருகன் தாங்கிக்கொண்டான். அங்கிருந்து திருப்புகழ் தொடங்குகிறது. 1964-இல் டி.எம்.சௌந்தரராஜன் நடித்து வந்த படம் இந்தக் கதையை ஊர் தாண்டியும் கொண்டுபோனது. வரலாறு இதற்குச் சான்று தராது. செவிவழியாகவே நிற்கும் கதை. ஆனாலும் கதை சொல்கிறவர்கள் எதை மறக்கிறார்கள் என்பதற்கு ஒரு பொருள் உண்டு. சொத்தை இழந்தவள் அக்கா. மானம் கெட நின்று பேசியவளும் அவள்தான். தம்பி கோபுரத்திலிருந்து குதித்த மறுகணம் அவள் கதையைவிட்டே போய்விடுகிறாள். அருள் கிடைத்தவனைப் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு, அவனால் கெட்டவளின் நினைவு வருவதில்லை.

மனம் திரும்பியவர்களின் கதை இந்த ஊருக்கு எப்போதும் பிடிக்கும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் காவி கட்டி உட்கார்ந்திருக்கும் யாரையாவது காட்டி, ‘முன்னாடி பெரிய ரவுடியாம்’ என்று டீக்கடையில் சொல்வார்கள். அந்தப் பேச்சில் பயத்தைவிட மரியாதை அதிகம் இருக்கும். அதே பாதையில் காவல்துறை அவ்வப்போது சாதுக்களின் கைரேகையை எடுத்து, தேடப்படும் குற்றவாளி யாரும் இருக்கிறாரா என்று பார்ப்பதும் நடக்கிறது. காலில் விழுகிறவர், கைரேகை எடுக்கிறவர் இருவரிடமும் நியாயம் இருக்கிறது. காவியைப் பார்த்து உள்ளே இருப்பது எந்த மனிதன் என்று சொல்ல இருவராலும் முடியாது.

இதே கதைக்குச் சிறை வடிவம் ஒன்று உண்டு. கொடுங்குற்றம் செய்த ஒருவன் தனிக்கொட்டடியில் பல ஆண்டுகள் பூட்டப்படுகிறான், யாரோடும் பேச்சில்லை, ஒரு நாள் கடவுள் வருகிறார். உலகம் முழுவதும் இந்தக் கதை சொல்லப்படுகிறது, சொல்லப்படும்போதெல்லாம் தனிமைதான் அதன் நாயகன். தனிமை அவனைத் தன்னோடு பேசவைத்தது, தனிமை அவனைக் கழுவியது என்பார்கள். ‘உள்ள தனியா போட்டா தானா திருந்துவான்’ என்கிற நம் தெருப்பேச்சும் இதைத்தான் சொல்கிறது. குகைவாசத்தைக் கும்பிடும் ஊருக்கு இது இயல்பாகவே தோன்றும். ரிஷி குகையில் இருந்தான், கைதி கொட்டடியில் இருந்தான். இரண்டும் நான்கு சுவர்தானே?

இந்த ஊரிலேயே நடந்த ஒன்றை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி 16 வயது வேங்கடராமன், பின்னாளில் ரமணர் ஆனவர், மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்த அவர்மேல் சிறுவர்கள் கல்லெறிந்ததால், அதன் அடியில் உள்ள பாதாள லிங்கக் குழிக்குள் இறங்கிவிட்டார். வெயில் எட்டாத இடம், ஈரம், பூச்சிகள். தொடையில் பூச்சி அரித்துப் புண்ணாகிச் சீழ் வடிந்தது. அவருக்கு அது தெரியவில்லை. பேச்சு இல்லை, சாப்பாட்டு நினைவு இல்லை. யாருடைய கதை என்று சொல்லாமல் இதைப் படிக்கக் கொடுத்தால், மனித உரிமைக் குழு எழுதிய சிறை அறிக்கை என்றே நினைப்போம்.

அந்தக் குழிக்கு வெளியே யார் நின்றார்கள் என்று பார்க்கும்போது வேறுபாடு தெரிகிறது. கல்லெறியும் பிள்ளைகளை விரட்டிக் காவல் நின்றவர் சேஷாத்ரி சுவாமிகள். வேங்கடாசல முதலி என்பவர் சிலரைக் கூட்டிவந்து அந்த உடலை மேலே தூக்கி, சுப்பிரமணியர் சன்னிதியில் கொண்டுபோய் வைத்தார். அங்கே இருந்த மௌன சுவாமி ஒருவர், அம்மனுக்கு அபிஷேகம் செய்த பாலை, மஞ்சளும் சர்க்கரையும் வாழைப்பழமும் கலந்திருந்ததை, அப்படியே அந்த வாயில் புகட்டினார். அடுத்த ஆண்டு பழனிசுவாமி வந்து சேர்ந்தார். சாகும்வரை கூடவே இருந்தார். பிறகு அவர் தங்கியிருந்த விருபாட்ச குகைக்குத் தாய் அழகம்மாள் வந்தார். 1916 முதல் 1922-இல் இறக்கும்வரை மகனோடேயே வாழ்ந்தார். ரமணரின் தனிமை என்று நாம் சொல்வதன் உள்ளே இத்தனை பேருடைய கைகள் இருக்கின்றன. குழிக்குள் அவராக இறங்கினார், பூட்டு இல்லை என்பது முதல் வேறுபாடு. அதைவிடப் பெரியது, அவரைச் சாகவிடாமல் யாரோ இறங்கிப் போனார்கள் என்பது. குகையை நாம் கும்பிடுகிறோம். பால் புகட்டியவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சரி, குகை வேறு, சிறை வேறு என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் சிறைக்கே போவோம். இந்தியாவில் தனிக்கொட்டடி ஆன்மிகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அலிப்பூர். 1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் வீசப்பட்ட குண்டு, யாரைக் கொல்ல வந்ததோ அவரைக் கொல்லாமல் இரண்டு ஆங்கிலப் பெண்களைக் கொன்றது. அதையொட்டி மே 2 அன்று அரவிந்தர் கைதானார். அலிப்பூர்ச் சிறையில் ஒன்பதடி நீளம், ஐந்தடி அகலம் உள்ள கொட்டடி. குளிக்கவும் குடிக்கவும் ஒரே கிண்ணம். எதற்கு வேண்டுமானாலும் வளைந்துகொடுக்கும் அந்தக் கிண்ணத்தை ஐ.சி.எஸ். அதிகாரியோடு ஒப்பிட்டு அவர் பிற்பாடு கேலியாக எழுதினார். 1909 மே 6 அன்று விடுதலையாகி, அதே மாதம் 30-ஆம் தேதி உத்தர்பாராவில் பேசியபோது, சிறையின் சுவரிலும் மரத்திலும் எதிரே நின்ற நீதிபதியிடமும் வாசுதேவனையே கண்டதாகச் சொன்னார். அரசியலில் இருந்து ஆன்மிகத்துக்கு அவர் திரும்பிய இடம் அந்தக் கொட்டடி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

அவரே எழுதிய சிறை நினைவுகளை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். முதல் நாட்களில் தனிமை அவருக்கு ஞானம் தரவில்லை, கலக்கத்தைத்தான் தந்தது. மனத்துக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல், தனிச்சிறையில் மனிதர்களுக்கு எப்படிப் பைத்தியம் பிடிக்கிறது என்பது தனக்குப் புரிந்ததாக அவர் எழுதுகிறார். எறும்புகளை, கறுப்புக்கும் சிவப்புக்கும் நடந்த சண்டையை, ஒரு துணையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பூட்டு தளர்ந்தது மனிதர்களால்: சிறை மருத்துவர்கள் சொல்லி, காலையும் மாலையும் கொட்டடிக்கு வெளியே நடக்க அனுமதி கிடைத்தது, வீட்டிலிருந்து கீதையும் உபநிடதமும் உள்ளே வந்தன. அதற்கும் முன்பே, 1908 ஜனவரியில், பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்பவர் எதிரே உட்கார்ந்து மனத்தை அடக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். கொட்டடிக்குள் அவர் வெறுங்கையோடு போகவில்லை. ஒரு குரு கொடுத்ததும், ஒரு புத்தகமும், ஒரு வைத்தியரின் இரக்கமும் சேர்ந்து செய்ததை நாம் சுவரின் கணக்கில் எழுதிவிட்டோம்.

தமிழ்நாட்டில் இதைவிடக் கடினமான ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். சீர்காழிக்குப் பக்கத்து எருக்கூரில் பிறந்த நீலகண்ட பிரம்மச்சாரி, ஆயுதப் புரட்சிக்காக ரகசியச் சங்கம் கட்டிய இளைஞர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தபோது, நீலகண்டர் அங்கே இல்லை. ஆனாலும் சதி வழக்கின் முதல் எதிரி அவர்தான். 1912-இல் ஏழாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. ஒருமுறை பெல்லாரிச் சிறையிலிருந்து தப்பினார், பிடிபட்டார். 1919-இல் வெளியே வந்தார். அப்போது அவர் சாமியார் ஆகவில்லை. சில ஆண்டுகளிலேயே பொதுவுடைமைப் பிரசுரங்களுக்காக மறுபடி கைதாகி, மறுபடி நீண்ட தண்டனை. 1930-இல் விடுதலையான பிறகுதான் அரசியலைவிட்டு நகர்ந்தார். மைசூர் நாட்டு நந்திமலையில் தங்கி, ஓம்கார் என்ற பெயரில் துறவியாக வாழ்ந்து, 1978-இல் மறைந்தார். துப்பாக்கியில் தொடங்கிய ஒருவர் வாழ்க்கையின் பிற்பகுதியை மலைமேல் துறவியாகக் கழித்தார்.

கொட்டடிதான் மனிதனைத் துறவியாக்கும் என்றால் முதல் ஏழாண்டு ஏன் ஆக்கவில்லை? அதே மனிதர், அதே மாதிரிச் சிறைகள், அதே பிடிவாதம். முதல் முறை வெளியே வந்தவர் இன்னும் பெரிய புரட்சியைத் தேடிப் போனார். இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை வயதும் தோல்வியும் நண்பர்களும் சேர்ந்துதான் சொல்ல முடியும். ஒரு நாள் அவர் பசியோடு வந்து நின்றதைப் பார்த்துப் பாரதி கொதித்துப்போய் ஒரு பாட்டுப் பாடினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கதையில் மனத்தை உலுக்குகிறது ஒருவருடைய பசி. குலுங்குகிறது அதை எதிரே நின்று பார்த்தவரின் மனம். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எவரும் அதில் இல்லை.

அதே 1911-இன் பிற்பகுதியில் திருவண்ணாமலையில் ஒரு மனமாற்றம் தொடங்கியது. வேலூரில் போலீஸ் பயிற்சிக்கு வந்திருந்த பிராங்க் ஹம்ஃப்ரீஸ் என்ற இளம் ஆங்கில அதிகாரி, தன் தெலுங்கு முன்ஷியோடும் ரமணரின் சீடர் கணபதி முனியோடும் விருபாட்ச குகைக்கு ஏறி வந்தார். உலகத்துக்கு நான் உதவ முடியுமா என்று ரமணரிடம் கேட்டார். முதலில் உனக்கு உதவிக்கொள் என்ற பொருளில் பதில் வந்தது. பின்னாளில் அவர் போலீஸ் வேலையை விட்டுக் கத்தோலிக்கத் துறவியானார். கலெக்டர் சுடப்பட்ட ஆண்டு, புரட்சிக்காரர் சிறைப்பட்ட ஆண்டு. அந்த ஆண்டில் உள்ளம் திரும்பத் தொடங்கியது போலீஸ்காரருக்கு. அவரை யாரும் பூட்டவில்லை. ஒருவர் எதிரே போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

நம் காலத்தில் இந்தப் பேச்சுக்கு மிகவும் நெருங்கி வருபவர் அமெரிக்காவின் ஜார்விஸ் ஜே மாஸ்டர்ஸ். ஆயுதக் கொள்ளைக்காக 1981-இல் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குப் போனவர். 1985-இல் அங்கே ஒரு காவலர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்றார். அந்தக் குற்றத்தை அவர் தொடர்ந்து மறுத்துவருகிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தனிக்கொட்டடியில் இருந்தார். உள்ளேயே பௌத்தரானார், 1997-இல் வந்த புத்தகம் அவரை எழுத்தாளராக உலகுக்குக் காட்டியது. இருபதாண்டுத் தனிமை புத்தரைக் கொடுத்தது என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் தியானத்தையும் எழுத்தையும் அவருக்கு அறிமுகம் செய்தது, வழக்குக்காகத் தகவல் திரட்ட வந்துபோன ஒரு பெண். தீட்சை கொடுத்தவர் சாக்துத் துல்கு என்ற திபெத்திய லாமா, சிறைக்கே வந்து கொடுத்தார். இருபதாண்டுப் பூட்டின் இடுக்குகளில் நுழைந்தவர்கள் இவர்கள். யாரும் நுழையாமல் அதே வரிசையில் கிடந்து மனம் சிதைந்தவர்களைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை.

தனிமை மட்டும் போதும் என்று நம்பிய ஒரு ஊர் அதைச் செய்தே பார்த்திருக்கிறது. 1829-இல் பிலடெல்பியாவில் கிழக்கு மாநிலச் சிறை திறந்தது. பக்தியுள்ள, இரக்கமுள்ள மனிதர்கள் யோசித்துக் கட்டியது அது. ஒவ்வொரு கைதிக்கும் தனி அறை, ஒரு பைபிள், செய்ய ஒரு கைவேலை. அறையைவிட்டு வெளியே கொண்டுவரும்போது முகத்தை மூடிவிடுவார்கள். இன்னொரு கைதியின் முகமே தெரியக் கூடாது. கடவுளோடு தனியே விட்டால் பாவி தானாக உருகுவான் என்பது கணக்கு. 1842-இல் அங்கே போன சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட இந்த அமைதி கொடுமையானது என்று எழுதினார். 1913-இல் அந்த முறையை அவர்களே கைவிட்டார்கள். நல்லெண்ணத்தால் கட்டப்பட்டது என்பதால்தான் அந்தத் தோல்வி நமக்குப் பாடமாகிறது.

நம் நாட்டை ஆண்ட வெள்ளைக்காரர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் தனிமைச் சிறையைத் தண்டனையாக வைத்தது. ஆனால் எவ்வளவு நீண்ட தண்டனையானாலும் மொத்தம் மூன்று மாதம், ஒரே தடவையில் 14 நாளுக்கு மேல் கூடாது என்று வரம்பும் வைத்தது. 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவரையும் பாதுகாப்பு என்ற பெயரில் தனிமையில் அடைத்துவைக்கச் சிறை நிர்வாகத்துக்கு உரிமையில்லை என்றது. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமையில் வைக்கக் கூடாது என்று 2015-இல் ஐ.நா.வின் மண்டேலா விதிகள் கூறின. இருந்தும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவுகள் புது எண்ணோடு அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. மனிதன் தாங்கமாட்டான் என்று தெரிந்து அளவு போட்ட ஒன்றை, மனிதனைத் திருத்தும் என்று சொல்லி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சிறையை மாற்றுவது பற்றித் தமிழில் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். மணிமேகலையில் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை’ என்றே ஒரு காதை இருக்கிறது. மணிமேகலை சிறைக்குள் போகிறாள். உபதேசம் செய்வதற்கு முன்னால் அமுதசுரபியிலிருந்து எல்லோருக்கும் சோறு போடுகிறாள். பிறகு மன்னனிடம், சிறையை அறச்சாலை ஆக்கித் தா என்று கேட்டு வாங்குகிறாள். அடைபட்டவர்களை இன்னும் தனியாக்கினால் திருந்துவார்கள் என்று அதை எழுதிய சாத்தனாருக்குத் தோன்றவில்லை. அதே காப்பியத்தில் பின்னர் மணிமேகலையையே பட்டினி போட்டுப் புழுக்கறையில் அடைக்கிறாள் அரசி. அது அரசியின் கொடுமையாகத்தான் வருகிறது, தவமாக வரவில்லை.

உள்ளே போகும் கை ஒரு முனை. இன்னொரு முனையும் உண்டு: மாறியவனை யார் அளப்பது? பௌத்தக் கதைகளில் வரும் அங்குலிமாலன், விரல்களை மாலையாகக் கோத்த கொலைகாரன், துறவியாகிறான். நம் கதைகள் அங்கேயே நின்றுவிடும். அந்தக் கதை நிற்கவில்லை. பிச்சைக்குப் போகும் அவன்மேல் ஊர் கல்லெறிகிறது. மண்டை உடைந்து, பாத்திரம் உடைந்து, ரத்தத்தோடு திரும்பி வருகிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். கொல்லப்பட்டவர்களின் ஊரை அந்தக் கதை துரத்திவிடவில்லை, கல்லோடு நிற்கவைத்திருக்கிறது. அவன் மாறியதை அவன் காட்டில் கண்ணை மூடி நிரூபிக்கவில்லை, அந்தத் தெருவில் திருப்பி அடிக்காமல் நிரூபிக்கிறான். மணியாச்சியில் ஆஷோடு அதே ரயில்பெட்டியில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு நான்கு குழந்தைகள். ஆஷின் ஆட்சியை எவ்வளவு வெறுத்தாலும் அந்தப் பெண் அங்கே இருந்தார் என்பது மாறாது. வாஞ்சியைப் பற்றியும் நீலகண்டரைப் பற்றியும் நாம் எழுதியதில் அவருக்கு எத்தனை வரி கிடைத்தது?

திருவண்ணாமலை இதற்குத் தன் கணக்கில் ஒரு சம்பவத்தை வைத்திருக்கிறது. 1924 ஜூன் 26 இரவு ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். இருப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரையும் வெளியே கூட்டிவந்தார் ரமணர். வாசலில் வைத்து ஒவ்வொருவரையும் அடித்தார்கள். அவருக்கும் தொடையில் விழுந்தது. இன்னொரு காலிலும் அடித்துக்கொள்ளுங்கள் என்றார். இரும்புத்தடியோடு பாய்ந்த பக்தரை, அது அவர்கள் வழி, நமக்கு நம் வழி என்று தடுத்தார். உள்ளே அவர்களுக்குச் சில்லறைதான் கிடைத்தது. பிறகு போலீஸ் பிடித்தது. மனம் திரும்பும் கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது: மகான், திருடன், அடி, மன்னிப்பு. ஆனால் அந்தத் திருடர்களில் ஒருவர் அழுதுகொண்டு வந்து சீடரானார் என்று ஆசிரமத்து வரலாறுகள் சொல்லவில்லை. அப்படி ஒன்றை இட்டுக்கட்டியும் சேர்க்காமல் விட்டது அந்த வரலாறுகளின் நேர்மை. மன்னிப்பு கிடைத்தால் மாற்றம் வரும் என்ற உத்தரவாதமில்லை; அடிபட்டவர் அதை எதிர்பார்த்து மன்னிக்கவும் இல்லை.

ஆக, மனிதன் மாறுகிறான் என்றால் அந்த மாற்றத்தின் தொடக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார், முடிவிலும் இன்னொருவர் இருக்கிறார். தொடக்கத்தில் இருப்பவர் பால் புகட்டியவராக, புத்தகம் கொடுத்தவராக, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசியவராக இருக்கலாம். முடிவில் இருப்பவர் பெரும்பாலும் அவனால் கெட்டவர். தனிக்கொட்டடி இந்த இரண்டு பேரையும் ஒரே பூட்டால் வெளியே நிறுத்திவிடுகிறது. அதையும் மீறி ஒருவர் மாறினால் அந்தப் பெருமை அவருக்கும், உள்ளே நுழைந்துவிட்ட யாரோ ஒருவருக்கும் உரியது. பூட்டுக்கு அதில் பங்கில்லை.

வேலூர் மத்தியச் சிறை வாசலில் வாரம்தோறும் மனு பார்க்க வந்து நிற்கும் அம்மாக்களும் மனைவிகளும் யாரையும் திருத்தப் போவதாக நினைப்பதில்லை. கொஞ்ச நேரம் முகம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவரைத் திருத்த வேண்டும் என்று அரசு உண்மையாகவே நினைத்தால் அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நீட்ட வேண்டும். நாமும் ஒன்று செய்யலாம். சிறைக்குள் ஒருவர் சாமியாரானார், போதகரானார், பிட்சுவானார் என்று கேட்கும்போது, உள்ளே அவரை யார் போய்ப் பார்த்தார்கள், வெளியே வந்தபின் அவர் யார் வீட்டு வாசலில் போய் நின்றார் என்று கேட்கலாம். முதல் கேள்விக்குச் சிறைப் பதிவேட்டில் பதில் இருக்கும். இரண்டாவதற்கு அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.